நாலெழுத்தும் எதிரெதிர்: எம்.பி.டி.ஐ.யை வீட்டில் பல வருஷம் பயன்படுத்திய அனுபவம்

எம்.பி.டி.ஐ. என்பது ஒருவருடைய சுபாவத்தை நாலு ஆங்கில எழுத்தில் சொல்லும் கேள்வி-பதில் சோதனை. அதில் நான் ஐ.எஸ்.டி.ஜே. என் வீட்டுக்காரர் இ.என்.எஃப்.பி. இந்தச் சோதனையைப் பற்றித் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால், "நாலும் நேரெதிரா? எப்படிக்கா குடும்பம் நடத்துறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணமான புதிதில் அவர் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் எழுதிவிட்டு வந்து, அன்று ராத்திரியே என்னையும் எழுத வைத்தார். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த எழுத்துகள் இன்னும் எங்கள் வீட்டில் புழங்குகின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு யார் பொருத்தம் என்று பார்க்க இது உதவாது. ஆனால் கூட வாழ்கிறவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சண்டை இல்லாமல் பேச நன்றாகவே உதவும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தனிமையில் தெம்பு பெறுகிறவரா (ஐ), கூட்டத்திலா (இ). கண்ணெதிரே இருப்பதை நம்புகிறவரா (எஸ்), உள்ளுணர்வையா (என்). முடிவெடுக்கும்போது தர்க்கம் முந்துகிறதா (டி), மனசா (எஃப்). திட்டமிட்டு வாழ்கிறவரா (ஜே), வருவதைப் பார்த்துக்கொள்கிறவரா (பி). இந்த நாலு ஜோடியிலிருந்து பதினாறு வகை. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலின் கருத்துகளை வைத்து அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது. யுங்கைப் படிப்பதற்கு முன்பே கேதரினுக்கு இந்த ஆர்வம் வந்துவிட்டது. காரணம், மகள் கட்டிக்கொள்ளவிருந்த மாப்பிள்ளை. தங்கள் வீட்டார் யாரைப் போலவும் இல்லாத ஒருத்தரைப் பார்த்து, மனிதர்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தாராம். இசபெல் ஐ.என்.எஃப்.பி., அந்த மாப்பிள்ளை ஐ.எஸ்.டி.ஜே. மூன்றெழுத்து வித்தியாசத்தோடு காலம் முழுக்கச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இந்த விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது முதல் எழுத்துதான். எனக்கு வங்கி வேலை, நாள் முழுக்கக் கவுன்ட்டரில் பேச்சு. சாயங்காலம் தாம்பரம் வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு வார்த்தை மிச்சமிருக்காது. அவருக்கு விற்பனை வேலை, ஊரெல்லாம் பேசிவிட்டு வந்தும் பேச்சு பாக்கி இருக்கும். நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். நான் "ம்" என்பேன். "என்ன, எம்மேல எதும் கோவமா?" "இல்லைங்க." முகம் கழுவ உள்ளே போனால் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, "இல்ல, ஏதோ இருக்கு, சொல்லு." நாலாவது தடவை கேட்கும்போது நிஜமாகவே கோபம் வந்திருக்கும். அவர் தான் நினைத்தது சரி என்று முடிவுகட்டிவிடுவார்.

ஐ, இ என்ற இரண்டெழுத்து வந்த பிறகு இது மாறியது. பேசாமல் இருப்பது கோபம் இல்லை, களைப்பு என்று அவருக்கு விளங்கியது. பேசிக்கொண்டே இருப்பது தொந்தரவு இல்லை, அவர் களைப்பாறும் விதம் என்று எனக்கு விளங்கியது. இப்போது காபி டம்ளரோடு பால்கனி முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன், யாரும் வரமாட்டார்கள். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் சமையலறையில் கேட்டதும் அவர் வந்து ஆரம்பிப்பார். அப்போது முழுசாகக் கேட்பேன். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை, தானாக அமைந்தது.

கல்யாண வீடுகளில் இது இன்னும் பெரிய விஷயம். எனக்கு மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, பெண் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டால் போதும். அவருக்குக் கடைசிப் பந்தி முடிந்து பாத்திரக்காரர் அண்டாவை ஏற்றும்வரை ஆட்களோடு இருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தக் குடைச்சல் மண்டபத்து வாசலில் வெடிக்கும். அவர் பக்கத்துச் சொந்தங்கள் எனக்குத் தலைக்கனம் என்று பேசினார்கள். இப்போது வீட்டிலேயே பேசிவைத்துவிட்டுப் போகிறோம், நான் முதலில் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். அத்தை கேட்டால், "அவளுக்குக் கூட்டம் ஒத்துக்காதும்மா" என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்தப் பதில் என் வாயிலிருந்து வராமல் அவர் வாயிலிருந்து வருகிறதே, அதற்காகவே இந்தச் சோதனைக்கு நன்றி சொல்வேன்.

அடுத்தது கடைசி எழுத்து, ஜே-யும் பி-யும். தீபாவளிக்குத் திருநெல்வேலி போக வேண்டும். முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்த காலத்தில் நான் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்றாகிவிட்டது. முன்பதிவு திறக்கும் நாள் காலை எட்டு மணிக்கு நெல்லை எக்ஸ்பிரஸுக்காகப் போனும் கையுமாக நான் இருக்க, "ரெண்டு மாசம் கழிச்சு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார் அவர். தட்கலை நம்பி வாழ்கிற மனுஷர். எங்கள் ஏற்பாடு என்னவென்றால், போக வர டிக்கெட் என் பொறுப்பு, ஊரில் இருக்கும் நாட்கள் அவர் பொறுப்பு. காலையில் எழுந்து "பாபநாசம் போவோமா?" என்றால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், மதியச் சாப்பாடு எங்கே என்று கேட்க மாட்டேன்.

பி வகை ஆட்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் திருநெல்வேலியில்தான் இருந்தோம். ரயில்கள் ரத்து, என் திட்டமெல்லாம் தண்ணீரோடு போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் பதற்றமே இல்லாமல் யார் யாருக்கோ போன் போட்டு, தண்ணீர் வடிந்ததும் மதுரை வரை ஒரு வேனில் இடம் பிடித்தார். அங்கிருந்து சென்னைக்குப் பஸ்.

நடு இரண்டெழுத்துகள் எங்களுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. டி, எஃப் எழுத்தில் நம்பிக்கையே போய்விட்டது, ஏனென்றால் சில வருஷம் கழித்து மறுபடி எழுதியபோது அவருக்கு எஃப் போய் டி வந்தது. ஆள் அதே ஆள்தான். இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல, ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதினாலே பாதிப் பேருக்கு ஒரு எழுத்தாவது மாறலாம் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலான மனிதர்கள் நடுவில்தான் இருக்கிறோம். அந்த நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தால் அப்படித்தான் ஆகும். எனக்கு ஐ எப்போதும் மாறாததற்குக் காரணம், நான் அந்தக் கோட்டைவிட்டு வெகுதூரம் தள்ளி இருப்பதுதான்.

பொருத்த அட்டவணைகளை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்டு, இந்த வகைக்கு இந்த வகை தங்க ஜோடி என்கிறார்கள். ரஜ்ஜுப் பொருத்தம் தட்டிப் போன நல்ல வரன்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதே வேலையை ஆங்கில எழுத்தில் செய்வதை ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான தம்பதிகளின் தகவல்களை வைத்து 2010இல் வந்த ஆய்வில், இருவர் குணமும் ஒத்திருப்பதற்கும் அவர்கள் திருப்திக்கும் உள்ள தொடர்பு மிகமிகச் சிறியது. 2020இல் 11,196 தம்பதிகளின் தரவுகளைக் கணினி கொண்டு அலசியவர்களும் தனித்தனி குணங்களைவிட, துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார் என்ற நம்பிக்கை, அவர் மதிக்கிறார் என்ற உணர்வு போன்றவைதான் அதிகம் சொல்கின்றன என்றார்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் இதுதான்.

இந்தச் சோதனையில் இல்லவே இல்லாத ஒன்றும் இருக்கிறது, கவலைப்படும் சுபாவம். எங்கள் பெரிய சண்டைகள் பல அங்கிருந்துதான் வந்தன. நான் பத்து நிமிஷம் போன் எடுக்காவிட்டால் அவருக்கு விபத்து வரை எண்ணம் ஓடும். நாலெழுத்தில் எதிலும் இது தெரியாது. உளவியல் ஆய்வுகளில் அதிகம் பயன்படும் ஐந்து காரணி முறையில் இதற்குத் தனி இடம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் சிக்ஸ்டீன் பெர்சனாலிட்டீஸ் தளம் கடைசியில் ஏ (எளிதில் கலங்காதவர்), டி (கவலைப்படுகிறவர்; முன்பு சொன்ன டி வேறு) என்று ஒரு எழுத்தைச் சேர்ப்பது ஓரளவு இதற்காகத்தான். அதனால் முக்கியமாக அந்த எழுத்தைப் பாருங்கள். கடன், மாமியார் வீடா அம்மா வீடா, குழந்தையை யார் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் எந்த எழுத்தும் கிடையாது. உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

"நான் பி, கரன்ட் பில் கட்ட மறப்பேன்" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். எழுத்து குணத்தை விளக்கலாம், வேலையிலிருந்து விடுதலை தர முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பில் இன்னும் அவர்தான் கட்டுகிறார், போனில் அலாரம் வைத்துக்கொண்டு.

இவ்வளவுக்கும் பிறகு எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் தனித்தனியாக எழுதுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து "நீ அப்படியில்லையே" என்று திருத்தாதீர்கள். எழுதி முடித்ததும், துணை என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்து அவர் சார்பாகவும் ஒருமுறை எழுதுங்கள். அவர் எழுதியதும் நீங்கள் அவருக்காக எழுதியதும் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்தக் கேள்விகளை முதலில் எடுத்துப் பேசுங்கள். பொருத்தம் பற்றிய பக்கத்தைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.