விண்டி ஆப்: பந்தல்காரன் பார்வையில்

காட்பாடி பக்கம் பந்தல், சாமியானா போடுவதுதான் எனக்குத் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி முகூர்த்தம், போனில் வேறு ஏதோ ஒரு ஆப் சூரியன் படம் போட்டிருந்ததை நம்பிக் கூடுதல் கயிறு கட்டாமல் விட்டேன், சாயங்காலம் சுழற்றி அடித்த காற்றில் பாதிப் பந்தல் பக்கத்து மாந்தோப்பில் கிடந்தது. பெண் வீட்டார் பேசியதை இங்கே எழுத முடியாது. அப்புறம் பிடித்ததுதான் விண்டி என்கிற இந்த வானிலை ஆப்.

இதில் ஒரே பதிலோடு முடியாது, பல மாடல்களையும், அதாவது வானிலையைக் கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்லும் கணக்குகளையும், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் ஈசிஎம்டபிள்யூஎஃப், ஜெர்மனியின் ஐகான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால், அட்வான்ஸ் வாங்கும்போதே தகரக் கொட்டகை என்று பேசிவிடுவேன். ஒன்று சென்னைக்கும் ஒன்று நெல்லூருக்கும் இழுத்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டியதுதான். ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு 4 முறை புதிதாகக் கணக்குப் போடும், காலை ஐந்தரை மணி நிலவரத்தை வைத்துப் போட்டது முழுசாக வந்துசேரப் பத்து மணியாவது ஆகும், அதனால் விடிந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

கோடை இடிமழைக்கு மட்டும் இதை நம்பி உட்காராதீர்கள். ஆப்பைக் குறை சொல்லவில்லை, கணக்கே அப்படி. ஈசிஎம்டபிள்யூஎஃப் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும், ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர், ஜவ்வாது மலைப் பக்கம் மதிய வெயிலில் கிளம்பும் மேகம் பல நேரம் அதைவிடச் சின்னது, எந்த ஊரில் கொட்டும் என்று அதனால் சொல்ல முடியாது. அணைக்கட்டில் வெளுத்து வாங்கும்போது வேலூர்க் கோட்டை மேல் ஒரு சொட்டு விழாதது நமக்குப் புதுசா என்ன? அந்த நாட்களில் மழைப் படத்தை விட்டுவிட்டு 'கேப்' படத்தைத் திறப்பேன், காற்று மேலே எழும்ப எவ்வளவு சக்தி சேர்ந்திருக்கிறது என்று காட்டும், 2000 தாண்டினால் கயிறு இரட்டிப்பு. மதியத்துக்கு மேல் வானிலைத் துறை ரேடாரும் மின்னலுக்குத் தாமினி ஆப்பும்தான்.

ஒரு விஷயம், என் போனில் காற்று வேகம் கிலோமீட்டரில் இல்லாமல் நாட் கணக்கில், கப்பல்காரர்கள் வேகத்துக்குச் சொல்லும் அளவில், வந்தது. தெரியாமல் 25 என்று பார்த்து, சரி, சும்மா காற்றுதான் என்று ஒரு மாசம் ஓட்டினேன், அது 46 கிலோமீட்டர் வேகம்! அளவுகோலைத் தட்டினால் மாறிவிடும். காசு கட்டாவிட்டால் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் நிலவரம் வரும், பந்தலுக்கு அது போதும்.