எக்ஸ்இன்புட் ஸ்கிரிப்டா, கான்ஃப் கோப்பா?

லினக்ஸில் எக்ஸ்11 (திரை, மவுஸ், கீபோர்டைக் கவனிக்கும் மென்பொருள், சுருக்கமாக எக்ஸ்) ஓட்டுகிறவர்கள் மவுஸ், டச்பேடு செட்டிங்கை மாற்ற இரண்டு வழி உண்டு. லாகின் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்டில் எக்ஸ்இன்புட் (சாதன செட்டிங்கை மாற்றும் டெர்மினல் கருவி) கட்டளைகளை எழுதி வைக்கலாம். இல்லையென்றால் எக்ஸின் செட்டிங் கோப்புகள் இருக்கும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு போடலாம். முதல் வழியில் மூன்று வருடம் மல்லுக்கட்டிவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன் நான். தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

எக்ஸ்இன்புட்டின் சுகம் தெரிந்ததே. ரூட் (அட்மின்) அனுமதி வேண்டாம், அடித்தவுடன் பலன். தலைவலி அப்புறம்தான் வரும். டச்பேடை அணைக்க 'டிஸேபிள் 12' என்று எழுதி வைத்திருந்தேன். 12 என்பது டச்பேடுக்கு எக்ஸ் கொடுத்த எண். ஒருநாள் மவுஸ் டாங்கிளை வீட்டில் மறந்துவிட்டு ஆபீஸ் போனேன். ஒரு சாதனம் குறைந்ததால் எண்கள் நகர்ந்து, 12 என்பது லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு ஆகிவிட்டது. பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனேன், அத்தோடு கீபோர்டு செத்தது. அணைக்க நினைத்த டச்பேடு மட்டும் ஜாலியாக வேலை செய்தது! பக்கத்து மேசையில் யுஎஸ்பி கீபோர்டு கடன் வாங்கித்தான் சரிசெய்தேன்.

எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்திருக்கலாம், சரி. ஆனால் டிராக்பாலை (பந்தை உருட்டி நகர்த்தும் மவுஸ்) பிடுங்கி மறுபடி செருகினால் கொடுத்த செட்டிங் போய்விடும். ஸ்கிரிப்ட் ஓடுவது லாகினில் ஒரே ஒரு தடவை. தினம் நாலு முறை கழற்றி மாட்டும் எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது.

கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. 2010இல் எக்ஸ் சர்வர் 1.8 கொண்டுவந்த இன்புட்கிளாஸ் (எந்த வகைச் சாதனத்துக்கு எந்த செட்டிங் என்று சொல்லும்) பகுதியை, ஒவ்வொரு சாதனம் செருகப்படும்போதும் சர்வரே பார்த்துக்கொள்கிறது. 'மேட்ச்ஈஸ்டச்பேடு ஆன்' என்றால் எந்த டச்பேடு வந்தாலும் பொருந்தும். கோப்பின் பெயரை 90 என்று தொடங்குங்கள். கோப்புகள் எண் வரிசையில் படிக்கப்படும், ஒரே ஆப்ஷனுக்குப் பின்னால் வருவதே செல்லும். டிஸ்ட்ரோ (நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகை) தரும் லிப்இன்புட் (மவுஸ், டச்பேடு டிரைவர்) கோப்பு வழக்கமாக 40 என்று தொடங்கும்.

குறையும் உண்டு. மாற்றியபின் எக்ஸை மறுபடி தொடங்க வேண்டும். பகுதியை முடிக்கும் எண்ட்செக்‌ஷன் வரியை விட்டுவிட்டால் டெஸ்க்டாப்பே வராது, டெக்ஸ்ட் கன்சோலில் போய்த்தான் திருத்த வேண்டும். அதனால் டிராக்பால் வேகத்தை இன்றும் எக்ஸ்இன்புட்டில்தான் -1 முதல் 1 வரை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். கைக்குப் பொருந்திய எண் மட்டும் கோப்புக்குப் போகும்.

எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலாண்டுக்குப் போனால் இரண்டுமே செல்லாது. நோம் டெஸ்க்டாப்பில் அதன் செட்டிங்ஸ், ஸ்வே டெஸ்க்டாப்பில் அதன் கான்ஃபிக் கோப்பு. ஸ்வேயை நான் ஓட்டியது ஒரே வாரம். அதில் டிராக்பால் சொன்னபடி கேட்டது, அவ்வளவுதான் என் அனுபவம்.