ஓல்ட் டிராஃபோர்ட்: கோப்பைகளைக் காணப் போய் ஒரு சுரங்கப்பாதையைக் கண்ட கதை

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கைச் சுற்றிப் பார்க்கச் செல்பவர்களுள் பெரும்பாலோரைப் போல நானும் கோப்பைகளைக் காணத்தான் சென்றேன். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கை 20 முறை வென்ற கழகத்தில் கோப்பைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அருங்காட்சியகத்தையும் அரங்கையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மனத்தில் தங்கியிருந்தவை இக்கழகம் விழுந்த இடங்களே.

1998-இல் பெலே திறந்துவைத்த அருங்காட்சியகம் வடக்குப் பார்வையாளர் மாடத்தில் இருக்கிறது. அரங்கிற்குள் நுழையுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் இந்த வரலாறு தெரியாமல் உள்ளே போனால் காண்பவை வெறும் நாற்காலிகளாகவும் புல்தரையாகவுமே தோன்றும். 1878-இல் நியூட்டன் ஹீத் பகுதியின் ரயில் பெட்டித் தொழிலாளர்கள் தொடங்கிய அணி இது. அன்றைய சட்டையின் நிறம் பச்சையும் பொன்மஞ்சளும். 1902-இல் கடன் கழுத்தை நெரித்துக் கழகம் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் ஆலை அதிபர் பணம் போட்டுக் காப்பாற்றினார். இன்றைய பெயரும் அப்போது வந்ததுதான். 1910-இல் இந்த அரங்கம் எழுந்ததற்கும் அவர் பணமே காரணம். 1931-இல் மீண்டும் கஜானா காலியாகி, ஜேம்ஸ் கிப்சன் என்ற இன்னொரு வணிகர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உலகின் பெரும் பணக்காரக் கழகங்களுள் ஒன்று என்று இன்று நாம் அறிந்திருப்பது இருமுறை திவாலின் விளிம்பைத் தொட்டு மீண்டிருக்கிறது.

அரங்கச் சுற்றுலாவில் உடைமாற்றும் அறை, வீரர்கள் அமரும் பகுதி எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அவையே பிடிக்கும். என்னை நிறுத்தியது தெற்கு மாடத்தின் நடுவே உள்ள ஒடுக்கமான பழைய சுரங்கப்பாதை. 1941 மார்ச் 11 அன்று ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் மாடங்கள் நொறுங்கியபின், 1949 வரை யுனைடெட் அணி தன் போட்டியாளரான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தைக் கடனாகப் பெற்றே ஆட வேண்டியிருந்தது. 1910-இல் கட்டியவற்றுள் எஞ்சியிருப்பது இந்தப் பாதை ஒன்றே. 1958-இல் மியூனிக்கில் இறந்த இளைஞர்கள் ஆடுகளத்துக்கு ஓடிவந்த வழி இது என்பதை எண்ணியபோது என்னால் சட்டென்று அங்கிருந்து நகர முடியவில்லை.

பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3 என ஆட்டத்தைச் சமன்செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றுத் திரும்பும் வழியில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறையாக மேலெழும்ப முயன்ற விமானம் விபத்துக்குள்ளானது. மாண்ட 23 பேரில் எட்டுப் பேர் வீரர்கள். அவர்களுள் டங்கன் எட்வர்ட்ஸ் 15 நாள் உயிருக்குப் போராடி, 21 வயதில் கண்மூடினார். பிப்ரவரி 19 அன்று ஷெஃபீல்டு வென்ஸ்டேவை எதிர்த்து ஆடிய ஆட்டத்தின் கையேட்டில், யுனைடெட் வீரர்களின் பெயர்கள் வர வேண்டிய 11 இடங்களும் வெற்றாக விடப்பட்டிருந்தன. அந்த ஆட்டத்தில் 3-0 என வென்றார்கள். மேலாளர் மாட் பஸ்பி உயிர் பிழைத்துத் திரும்பி, பத்தாண்டுகளுக்குப் பின் அதே ஐரோப்பியக் கோப்பையை வென்றார். விபத்தில் தப்பிய பாபி சார்ல்டன் அந்த இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார்.

1974-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதையும், 1986 முதல் 2013 வரை மேலாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 13 லீக் பட்டங்களை வென்றதையும், அவருக்குப் பின் லீக் பட்டம் கைக்கு எட்டாமலே இருப்பதையும் ரசிகர்கள் அறிவார்கள்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஆட்டம் நடக்கும் நாளில் அரங்கச் சுற்றுலா இருக்காது. சீட்டைக் கழகத்திடமே நேரடியாக வாங்குங்கள். நான் ஓர் இடைத்தரகு இணையதளத்தில் வாங்கிக் கூடுதல் பணம் இழந்தேன். அரை நாளாவது ஒதுக்குங்கள். வெளியே வந்ததும் தென்கிழக்கு மூலைக்கு நடந்து சென்றால், மேலே விபத்து நடந்த தேதியையும் கீழே ‘மியூனிக்’ என்ற ஊர்ப்பெயரையும் தாங்கிய கடிகாரத்தைச் சீட்டில்லாமலே பார்க்கலாம்.