பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே அகராதி: ஆங்கில வினைச்சொற்கள் எனக்குப் பிடிபட்ட விதம்

2012 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றை வாங்கினேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளனாகச் சேர்ந்து அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, அதாவது பையருக்கு, போகும் மின்னஞ்சல்களை எழுதும் வேலை என்னிடம் வந்திருந்தது. எழுதிக் காட்டிய ஒவ்வொரு கடிதத்திலும் நாலைந்து சிவப்புக் கோடுகள் விழுந்தன. ஏன் தவறு என்று கேட்டால், "டென்ஸ் சரியில்லை" என்ற பதில் மட்டுமே கிடைக்கும்.

இலக்கணமே தெரியாதவனாக நான் இருக்கவில்லை. 'கோ, வென்ட், கான்' என்று தொடங்கும் மூன்று பத்தி அட்டவணை மனப்பாடம். நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் செயல் என்பதும் தெரியும். வாக்கியத்தை எழுத உட்காரும்போது இவற்றில் எதுவும் கைகொடுக்கவில்லை என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலைத் தீர்த்தது இலக்கண நூல் எதுவும் அன்று, இந்த அகராதிதான். அதனால்தான் இத்தனை ஆண்டுக்குப் பிறகு இதை எழுதுகிறேன். நான் வைத்திருக்கும் பதிப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய பதிப்பகங்கள் பலவும் இவ்வகை அகராதியை வெளியிடுகின்றன. அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருள் சொல்லும். கற்போர் அகராதி பொருளோடு, அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லும். இந்த வகைக்கு வழி திறந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர். 1924 முதல் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் இரு துணை ஆசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில்தான் முதலில் அச்சானது. ஆங்கில வினைகள் எந்தெந்த அமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளாக அவர் வகுத்திருந்தார். நம்மைப் போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் மொழி ஜப்பானியம். அத்தகைய மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை நேரில் பார்த்த ஒருவரின் உழைப்பு அது. அதை அறிந்த பிறகு இந்த அகராதிகளின் மேல் எனக்குத் தனி மதிப்பு வந்தது.

முதல் ஆண்டு நான் பார்த்தது, தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் இருக்கும் சொல்வகைக் குறிப்பை மட்டும்தான். 'ரவுண்ட்' என்ற சொல்லை ஒருநாள் தேடினேன். பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் என ஐந்து வகையிலும் அது வருகிறது. சொல்வகை என்பது சொல்லோடு கூடப் பிறந்தது என்றே பள்ளியில் எண்ணியிருந்தேன். அது அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் பார்க்கும் வேலை என்பது அன்றுதான் உறைத்தது. தமிழில் விகுதியும் உருபும் வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல் நிற்கும் இடம்தான் காட்டும்.

'மை', 'திஸ்', 'சம்' ஆகியவற்றைப் பெயரடை என்று படித்திருந்தேன். அகராதி இவற்றுக்கு 'டிடர்மினர்' என்ற குறிப்பைப் போட்டிருந்தது; பெயருக்கு முன்னால் நின்று எது, யாருடையது, எவ்வளவு என்று சுட்டும் சொல் அது. பள்ளியில் படித்த எட்டு வகையில் இது இல்லையே என்று தேடிப் போனபோது, அந்த எட்டு என்ற கணக்கே பழைய கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது என்று அறிந்தேன். கிரேக்கப் பட்டியலில் பெயரடை தனி வகையாக இல்லை; பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. பார்ட்டிசிப்பிள், அதாவது வினையிலிருந்து பிறந்து பெயரடை போல வரும் வடிவம், தனி வகையாக இருந்தது. லத்தீனில் 'தி' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. அதனால் அந்த இடத்தை வியப்புச் சொல்லுக்குக் கொடுத்து எட்டை நிரப்பினார்கள். நன்னூலார் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு மொழியும் தன் தேவைக்கேற்ப வகுத்துக்கொண்ட பெட்டிகள் இவை என்று தெரிந்ததும், பெட்டிகளின் பெயரைக் கண்டு பயப்படுவது நின்றது.

அடுத்து வருவது சதுர அடைப்புக்குள் இருக்கும் ஒற்றை எழுத்துகள். பெயர்ச்சொல்லுக்கு 'சி' என்றால் எண்ணத்தக்கது, 'யூ' என்றால் எண்ண முடியாதது. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்' மூன்றுக்கும் 'யூ'. தமிழில் தகவல்கள், கருவிகள், அறிவுரைகள் என்று தயக்கமின்றிச் சொல்கிறோம் என்பதால், மூன்றுக்கும் கடைசியில் 'எஸ்' சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தேன். இதை விதியாக மனப்பாடம் செய்ய முடியாது. சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

வினைகளின் நடத்தையும் அப்படியே. 'டிஸ்கஸ்' என்ற வினை செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும். இடையில் 'அபவுட்' வராது. "விலையைப் பற்றி விவாதித்தோம்" என்று நம் வாய் பழகியிருப்பதால் கை தானாக 'அபவுட்' எழுதிவிடுகிறது. "எனக்கு விளக்கினார்" என்பதை அப்படியே கொண்டுபோய் 'எக்ஸ்பிளெயின்ட் மீ' என்று எழுதுவோம். அகராதியோ விளக்கப்படும் பொருளை முதலில் வைத்து, கேட்பவருக்கு முன்னால் 'டு' போட்டுக் காட்டியிருக்கும். அதே வேளையில் 'டோல்ட் மீ' சரி. நான்காம் வேற்றுமைக்கு ஆங்கிலத்தில் ஒரே விடை இல்லை. அந்தந்த வினையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மேசையில் அகராதி விரிந்தே கிடக்க வேண்டிய காரணம் இதுதான்.

எனக்கு உண்மையான விடிவு வந்தது வினை வடிவங்களில். ஒரு பையரிடமிருந்து இப்படி ஒரு வரி வந்தது: 'தி ஃபேப்ரிக் டைட் லாஸ்ட் வீக் ஃபெயில்ட் தி டெஸ்ட்.' இதில் சாயமேற்றுவதைக் குறிக்கும் 'டைட்', 'ஃபெயில்ட்' இரண்டும் 'ஈடி'யில் முடிகின்றன. துணி எதையோ சாயமேற்றியது என்று புரிந்துகொண்டு, அடுத்த வினை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூன்று பத்தி அட்டவணை இங்கே உதவாது. ஒழுங்கான வினைகளில் இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் எழுத்தில் ஒன்றுதான்.

அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "சென்ற வாரம் சாயமேற்றிய துணி சோதனையில் தேறவில்லை." சாயமேற்றிய என்பது பெயரெச்சம், தேறவில்லை என்பது முற்று. இரண்டும் இறந்தகாலம்தான், ஆனால் ஒன்று துணி என்ற பெயரைத் தேடி நிற்கிறது, மற்றொன்று வாக்கியத்தை முடிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் நடத்திய எச்சமும் முற்றும்தான் ஆங்கிலத்தின் நான்ஃபைனைட், ஃபைனைட்! ஆங்கிலத்தில் எச்சம் பெயருக்குப் பின்னாலும் வந்து நிற்கலாம். அந்த ஒரு வேறுபாடுதான் என்னை மறித்திருந்தது.

அன்று முதல் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தமிழில் இணை தேடினேன். இன்ஃபினிட்டிவ் என்றால் 'செய்ய'. ஜெரண்ட் என்றால் தொழிற்பெயர், 'செய்தல்'. 'ஹேவிங் டன்' என்பது 'செய்து'. பார்ட்டிசிப்பிள் என்ற சொல்லுக்கே பங்கு கொள்வது என்பதுதான் வேர்ப்பொருள். வினையின் இயல்பிலும் பெயரடையின் இயல்பிலும் அதற்குப் பங்கு உண்டு. பெயரெச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டுமா? இணைகள் எல்லா இடத்திலும் நூற்றுக்கு நூறு பொருந்தா. 'ஐஎன்ஜி' வடிவம் ஒரே தோற்றத்தில் 'ஓடுதல்', 'ஓடுகின்ற', 'ஓடிக்கொண்டு' என்ற மூன்று வேலையையும் செய்யும். எது என்று தமிழில் மாற்றிப் பார்த்தால்தான் தெளியும்.

அகராதியின் பின்பக்க அட்டவணையையும் அதன்பின் வேறு கண்ணோடு பார்த்தேன். 'வாக்' என்ற வினைக்கு நான்கு வடிவங்கள். 'கோ'வுக்கு ஐந்து. 'புட்' மூன்றோடு முடிந்துவிடும். 'மஸ்ட்' ஒன்றே ஒன்று. 'பி' மட்டும் எட்டு வடிவங்களில் விரிகிறது: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். 'வென்ட்' என்பது முதலில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதைத் தனதாக்கிக்கொண்டது. நமக்கோ ஆள், எண், பால் சேர்ந்து ஒரு வினைக்கு எத்தனை முற்றுகள்! இதை எண்ணிப் பார்த்தபோது ஆங்கில வினை எளியதாகவே தோன்றியது.

'பெர்ஃபெக்ட்' என்ற கலைச்சொல் என்னைப் பல ஆண்டுகள் திசைதிருப்பியது. குறையற்ற என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருந்தேன். லத்தீனில் அதற்கு முடிந்த, நிறைவேறிய என்று பொருள். முடிந்துவிட்டது, அதன் விளைவு இப்போது கையில் இருக்கிறது என்பதே 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்'. தமிழில் 'வந்திருக்கிறார்' ஏறக்குறைய அதுதான். ஆனால் "நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' என்பதோடு 'எஸ்டர்டே' சேராது. சரக்கை நேற்று அனுப்பிவிட்டோம் என்று நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் விழுந்த சிவப்புக் கோடு இதற்காகத்தான். யாரும் இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை.

நூல் விலை ஏறும் காலத்தில் எழுதும் கடிதங்களில் இன்னொரு குழப்பம் வரும். விலை உயர்ந்தது என்பதற்கு 'ரைஸ்', விலையை உயர்த்தினார்கள் என்பதற்கு 'ரெய்ஸ்'. தன்வினை, பிறவினை என்ற நம் பிரிவு ஆங்கிலத்தில் அருகலாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் இது. கிடப்பது 'லை', கிடத்துவது 'லே'. அதில் ஒரு பொறி உண்டு: 'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான். 'பிரேக்' போன்ற வினைகளிலோ உடைந்ததும் உடைத்ததும் ஒரே சொல். அகராதி 'ஐ', 'டி' என்ற இரு குறிகளையும் கொடுத்து, செயப்படுபொருள் இன்றியும் பெற்றும் வரும் என்று காட்டிவிடும். 'நோ' (தெரிந்திரு), 'ஓன்' (சொந்தமாக வைத்திரு), 'பிலாங்' (உரியதாக இரு) போன்றவற்றுக்குத் தொடர்நிகழ்வு வடிவம் வராது என்ற குறிப்பையும் தனியாகத் தரும். "இரண்டு கிளைகள் வைத்திருக்கிறோம்" என்பதை 'ஆர் ஹேவிங்' என்று எழுதும் பழக்கம் எனக்கு அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் போனது.

குறைகளும் உண்டு. எழுத்து மிகச் சிறியது. நாற்பதை நெருங்கும் என் கண்ணுக்கு இரவில் சிரமம். குறியீடுகளின் விளக்கம் முன்பக்கத்தில் இருப்பதைப் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் குறிகள் மாறும். எனவே ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. காலங்கள் எப்போது எது என்று அகராதி முழுமையாக விளக்காது. அதற்குப் பயிற்சிகள் உள்ள ஓர் இலக்கண நூல் வேண்டும். 'டயர்ட்' பெயரடையா எச்சமா என்பது போன்ற எல்லைக் கேள்விகளில், தனித் தலைச்சொல்லாக வைத்துப் பெயரடை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அது ஏன் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். கைபேசிப் பதிப்பு ஒலிப்பைக் கேட்க மிக நல்லது, பேருந்தில் பயன்படும். ஆனால் தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் கண் ஓடுவது அதில் நடக்காது. நான் கற்றதில் பாதி அப்படி ஓடியபோது கண்டவை.

தமிழ்வழியில் படித்து வேலைக்கு வந்தவர்களுக்கு இதை உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஆங்கில–ஆங்கில அகராதி புரியாதே என்ற தயக்கம் தேவையில்லை. விளக்கங்களை இரண்டாயிரம், மூவாயிரம் அடிப்படைச் சொற்களுக்குள் எழுத முயல்வது இந்த வகையின் மரபு. முதல் மூன்று மாதம் கடினமாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வினை என்று வைத்துக்கொண்டேன். பொருளைக் கடைசியில் பார்த்தேன், அமைப்பையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் முதலில் பார்த்தேன்.

சென்ற ஆண்டு முதல் அக்கா மகள் என்னோடு உட்காருகிறாள். பத்தாம் வகுப்பு. ஒருநாள், "மாமா, 'வில்' ஃபியூச்சர் டென்ஸ்தானே? இங்கே ஏன் 'மோடல் வெர்ப்' என்று போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். ஆங்கில வினை தன் வடிவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டு மட்டுமே. 'செய்வேன்' என்பதில் உள்ள 'வ்' போன்ற எதிர்கால இடைநிலை அதில் இல்லை, வேறொரு துணைவினையை முன்னால் நிறுத்துகிறார்கள் என்றேன். தேர்வில் மூன்று காலம் என்றே எழுது, உன் ஆசிரியரின் பகுப்பு அது; இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள் என்றும் சொன்னேன். உடனே பென்சிலை எடுத்து 'வில்' பக்கத்தின் ஓரத்தில் "இடைநிலை இல்லை" என்று எழுதினாள்.

அகராதியின் முதுகு 2019இல் பிரிந்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். மீண்டும் பிரியத் தொடங்கியிருக்கிறது. அவளுக்கென்று புதிய பதிப்பு ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது இருவரும் 'கெட்' என்ற வினையில் இருக்கிறோம். அந்தப் பதிவு பத்தி பத்தியாக நீள்கிறது. ஒரு வாரமாகியும் பாதியைத் தாண்டவில்லை.