இடது கையில் 28 நாள்: ஒரு ‘பொலிவு’ கிரீம் அனுபவம்

நான் சன்ஸ்கிரீன் வாங்கத்தான் போனேன். பாளையங்கோட்டையில் வளையல், பொட்டு, ஹேர்பின் எல்லாம் வழக்கமாக வாங்கும் ஃபேன்ஸி ஸ்டோர். கவுண்டரில் நின்ற பெண் சன்ஸ்கிரீன் இருந்த தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோஸ் கலர் டியூப் ஒன்றை எடுத்து வைத்தாள். “அக்கா, உங்க கலருக்கு இதான் செட் ஆகும். ஒரு மாசத்துல ரெண்டு ஷேடு ஏறும்.” அவளும் என் நிறம்தான், சொல்லப்போனால் ஒரு பொடி கூட. “நீ போடுதியாம்மா?” என்று கேட்டேன். “போடுதேங்க்கா, ஆனா நமக்கு வெயில்ல அலைச்சல்லா” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. சரி, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று வாங்கிவிட்டேன். 50 கிராம், 165 ரூபாய். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. அந்தத் தட்டில் இருந்த ஏழெட்டு டியூபும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன, எதை எடுத்திருந்தாலும் இதே கதையைத்தான் எழுதியிருப்பேன்.

முதலில் அட்டைப் பெட்டி. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். திருப்பித் திருப்பித் தேடினாலும் ‘வெள்ளை’ என்றோ ‘சிவப்பழகு’ என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பொலிவு இருக்கிறது, ஒளி இருக்கிறது, பளபளப்பு இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் ஒரே பெண்ணின் முகம் மூன்று தடவை வரிசையாக இருக்கிறது. இடது ஓரத்தில் இருப்பவள் என் நிறம். வலது ஓரத்தில் இருப்பவள் டியூப்லைட். இடதுபக்கக்காரி சிரிக்கவில்லை, வலதுபக்கக்காரிக்குப் பல் முழுக்கத் தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் இடதுபக்கக்காரிக்குத் தலைகூட ஒழுங்காக வாரவில்லை. 165 ரூபாய்க்குத் தலையும் வாரிவிடுகிறார்கள் போல.

நம் ஊர்ப் பேச்சுக்கு இந்தப் படமே போதும், எழுத்து வேண்டியதில்லை. ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் என்ன கலர் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ‘நிறமா இருக்கா’ என்றால் வெள்ளையாக இருக்கிறாள் என்றுதான் பொருள், அப்படிப் பார்த்தால் எனக்கெல்லாம் நிறமே இல்லை. கல்யாணத் தரகர் வாயில் ‘மாநிறம்’ என்று வந்தால் அது கருப்புக்குக் கொடுக்கும் மரியாதை. அப்புறம் ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று ஒரு பாராட்டு உண்டு, அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து எத்தனை வீட்டு விசேஷங்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆகவே பெட்டியில் ‘பொலிவு’ என்று போட்டால் நாம் அதை என்னவென்று படிப்போம் என்பது கம்பெனிக்கும் தெரியும், கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கும் தெரியும்.

இனி கிரீம். முகத்தில் போடவில்லை. இடது புறங்கையில் மட்டும் காலையும் இரவும் போட்டேன், வலது கையைச் சும்மா விட்டேன். போட்ட உடனே கை வெளுத்தது, உண்மை. ஆனால் அது சாம்பல் வெளுப்பு, விபூதி பூசிய கையைத் தண்ணீர் படாமல் துடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்தால் காரணம் புரியும்: டைட்டானியம் டைஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே வெள்ளை நிறமி. வெயிலைத் தடுக்கும், பாதுகாப்பானதுதான், ஆனால் உடனே தெரியும் அந்த ‘மாற்றம்’ சோப்பு போட்டால் குழாயடியிலேயே போய்விடும். நடுவில் ஒருநாள் ஆசைக்கு முகத்தில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். மத்தியானம் பார்த்தால் மூக்குக் கண்ணாடியின் இரண்டு பக்கத் தாங்கியிலும் வெள்ளையாகத் திரண்டு நிற்கிறது, கழுத்து மட்டும் எப்போதும் போல இருக்கிறது, யாரோ என் தலையை மட்டும் மாற்றி வைத்த மாதிரி.

28ஆம் நாள் காலையில் இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கை கொஞ்சம் மெத்தென்று இருந்தது, வறட்சி இல்லை. நிறம்? அம்மாவைக் கூப்பிட்டு எந்தக் கை என்று கேட்டேன், அவள் வலது கையைக் காட்டினாள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த வகை கிரீம்களின் மூலச்சரக்கு பெரும்பாலும் நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. தோலுக்கு நிறம் தரும் மெலனின், அது உண்டாகும் செல்லிலிருந்து மேல்தோல் செல்லுக்குப் போய்ச் சேருவதைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், அவ்வளவுதான். கரும்புள்ளி, திட்டு மங்கலாம். தொடர்ந்து போட்டால் வெயிலில் கறுத்தது ஓரளவு குறையலாம். பிறவி நிறத்தை இது மாற்றாது. நியாசினமைடு நல்ல பொருள்தான், நானே வேறு சீரத்தில் பயன்படுத்துகிறேன். எனக்குக் கோபம் டியூபுக்குள் இருப்பதன் மேல் இல்லை.

இந்த ஆட்டத்தை நம் ஊரில் பெரிதாக்கியது 1975இல் இந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி. என் வயதுக்காரர்களுக்கு அந்த விளம்பரங்கள் மனப்பாடம். ரிட்டயரான அப்பா, மகள் சம்பளம் போதவில்லை, ஒரு மகன் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுவார். மகள் கிரீம் போடுவாள், வெளுப்பாள், விமானப் பணிப்பெண் ஆவாள், அப்பாவுக்கு நல்ல காபி கிடைக்கும். இன்னொன்றில் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆக ஆசைப்படும் பெண், அதில் நம்ம கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்கூட வருவார். கமென்ட்ரி சொல்லக் குரல் வேண்டும், ஆட்டம் தெரிய வேண்டும், கன்னம் எதற்கு? அப்போது நமக்கு அந்தக் கேள்வி வரவில்லை, அடுத்த ஓவரைப் பார்த்தோம். கேள்வி கேட்டவர்கள் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர். மனித உரிமை ஆணையம் வரை போனார்கள், 2003இல் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

2014இல் விளம்பரத் துறையே தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. விதி போட்டது: கருப்பாக இருப்பவரை அழகில்லாதவராகவோ, சோகமாகவோ, கல்யாணம், வேலை, பதவி உயர்வு கிடைக்காதவராகவோ காட்டக் கூடாது, கிரீம் போடுவதற்கு முன் இருக்கும் முகபாவத்தை மோசமாகக் காட்டக் கூடாது. நான் வாங்கிய பெட்டியின் இடதுபக்கக்காரி ஏன் இன்னும் சிரிக்காமல் இருக்கிறாள் என்று இந்த விதியைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

2019இல் ஃபேர் அண்ட் லவ்லி பெட்டியில் இருந்த இரட்டை முகமும் ஷேடு அட்டையும் எடுக்கப்பட்டன. 2020 ஜூலையில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிராகக் கூட்டம் கூடியிருந்த நேரத்தில், பெயரும் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வாரங்களில் ஷாதி டாட் காம் வரன் தேடலில் இருந்த தோல் நிற வடிகட்டியை எடுத்தது. எடுத்தது நல்லதே. ஆனால் மளிகைக் கடையில் சாஷே வாங்குபவர் யாரும் இன்றுவரை புதுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. நம் பாத்ரூமில் கண்ணாடி மாதிரி இருக்கும் பியர்ஸ் சோப்புக்கு 1880களில் இங்கிலாந்தில் ஒரு விளம்பரம் வந்தது: தொட்டியில் உட்கார்ந்த கறுப்பினச் சிறுவன், குளித்து எழுந்தால் கழுத்துக்குக் கீழே வெள்ளை. 2017இல் டவ் ஒரு சின்ன வீடியோ போட்டது: கறுப்பினப் பெண் சட்டையைக் கழற்றுகிறாள், உள்ளே இருந்து வெள்ளைக்காரப் பெண் வருகிறாள். திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு பிராண்டும் இன்று ஃபேர் அண்ட் லவ்லியின் தாய்க் கம்பெனியான யூனிலீவருடையவை. நூற்று முப்பது வருஷம் கழித்தும் அதே தொட்டிதான், தண்ணீரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஆண்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2005இல் இமாமி, ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்தது, ஷாருக்கான் வந்து விற்றார். 2013இல் 79 ரூபாய் கொடுத்து அதை வாங்கிய டெல்லிக்காரர் ஒருவர், போட்டும் வெளுக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். சரியான சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தால்தான் பலன் தெரியும் என்கிற மாதிரி கம்பெனி தரப்பில் வாதம் வந்தது, அதைப் பெட்டியில் எழுதவில்லையே என்றது மன்றம். 2024 டிசம்பரில் நுகர்வோர் நல நிதிக்கு 14.5 லட்சம், அவருக்கு 50,000 ரூபாய் என்று தீர்ப்பு. எனக்குப் பிடித்த விஷயம் தொகை இல்லை, 79 ரூபாய்க்காகப் பத்து வருஷத்துக்கு மேல் அலைந்த அந்த மனிதரின் பிடிவாதம்.

ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த மாதிரி கிரீம் ஏமாற்றினால் போவது 165 ரூபாய். ஒரே வாரத்தில் நிஜமாகவே வெளுக்க வைக்கும் டியூப் கிடைத்தால்தான் பயப்பட வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. லேபிளே இல்லாமல் வரும் சில கிரீம்களில் பாதரசம், அது கிட்னியில் போய் உட்காரும். கேரளாவில் கோட்டக்கல் பக்கம் டாக்டர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், எங்கள் வீட்டு நிறம். மேஜையில் கிடந்த பெட்டியை எடுத்துப் பார்த்தவள், மூன்று முகத்தில் நடு முகத்தில் விரலை வைத்து, “சித்தி, நான் இதுவரைக்கும் வந்தாக்கூடப் போதும்” என்றாள். கடைசி முகத்தைக்கூட அவள் கேட்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் என் இரண்டு கைகளையும் நீட்டி, எதில் கிரீம் போட்டேன் சொல்லு பார்ப்போம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “விளம்பரத்துல வேற மாதிரிலா வருது” என்றாள்.

மாய்ஸ்சரைசர் என்று மட்டும் பார்த்தால் ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுப்பேன், அதைவிடப் பாதி விலைக்கு வெறும் மாய்ஸ்சரைசரே கிடைக்கிறது என்பதால் இரண்டரை. பெட்டிக்கு ஒன்றும் கிடையாது, அதைக் கிழித்துப் போட்டாயிற்று. மீதி டியூபை இப்போது குதிகால் பித்தவெடிப்புக்குப் போடுகிறேன், அங்கே நன்றாகவே வேலை செய்கிறது.