ரூ.31,850 போச்சு: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புது க்ரூஸர் பைக் எடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

31,850 ரூபாய். வண்டி விலை இல்லங்க இது. வண்டி, வரி, இன்சூரன்ஸ்னு நியாயமா கட்ட வேண்டியதெல்லாம் கட்டின பிறகு, எந்த ரசீதிலயும் ஏறாம ஒரு கடை உருவிக்கிட்ட பணம். அது போதாதுன்னு, புதுசுன்னு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சுக் கொடுத்த 350 சிசி க்ரூஸர் ஒரு வருஷத்துக்கும் மேல ஷெட்டுல நின்ன வண்டி. கடை பேர் போடல, வக்கீல் இப்போதைக்கு வேணாம்னு சொல்லியிருக்கார். ஆத்திரத்துல எழுதறது, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில தெளிவா எழுதறேன்.

கடை ஒரு சப்-டீலர். நம்ம பக்கம் சின்ன ஊர்கள்ல இது சகஜம். வெளிய கம்பெனி போர்டு மாதிரியே போர்டு, அதே கலர், அதே எழுத்து. உள்ள நாலஞ்சு வண்டி. ஆனா கம்பெனிக்கும் இவங்களுக்கும் நேர் ஒப்பந்தம் கிடையாது. வேற ஊர் மெயின் டீலர்கிட்ட வண்டியை எடுத்து வந்து நிறுத்திக்குவாங்க. நீங்க பணம் கொடுக்கறது இங்க, பில் விழறது அங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் 31,850 காணாம போச்சு. நேர்மையா நடத்தற சப்-டீலரும் இருக்காங்க, ஆனா அவங்ககிட்டயும் பணம் எங்க போகுது, பில் எங்க இருந்து வருதுன்னு பார்த்துத்தான் ஆகணும்.

அவங்களுக்குன்னு ஒரு சீசனும் இருக்கு. மாங்கா காசு கைக்கு வந்த கையோட ஆடி பிறக்கும். ஆடியில புது வண்டி எடுக்க நம்ம ஜனம் தயங்கும். அந்த நேரத்துல ‘ஆடி ஆஃபர்’னு முதல்ல வெளிய தள்றது பழைய ஸ்டாக்கைத்தான்.

நம்ப வெச்சது எப்படின்னு சொல்றேன். டெஸ்ட் ரைடு தாராளமா கொடுத்தாங்க. டீ வந்துச்சு. எந்த மாடல் நமக்கு ஒத்துவரும்னு பேச்சே இல்ல, கையில இருக்கற கலரைத்தான் காட்டினாங்க. அப்புறம் ஒரு வெள்ளைத் தாள்ல பேனாவால ஆன்-ரோடு தொகையை மொத்தமா ஒரே வரியில எழுதிக் கொடுத்தாங்க. பிரிச்சு எழுதுப்பான்னு கேட்டதுக்கு, கடை ஆள் “அண்ணா, நம்ம ஊர்க்காரங்க நீங்க, உங்ககிட்டப் போய் கணக்குப் பார்ப்பேனா? எல்லாம் உள்ள சேர்த்திண்ணா. ஹெல்மெட், லெக் கார்டு, ஃபாக் லேம்ப் எல்லாம் என் கிஃப்ட்டு”ன்னான். மெயின் டீலர் கிட்ட பேசறேன்னு கண்ணு முன்னாடியே போன் போட்டு, “நம்ம அண்ணனுக்கு, ரெண்டாயிரம் குறைச்சுப் போடுங்க”ன்னு பேசினான். எதிர்முனையில ஆள் இருந்தாரான்னே இப்போ சந்தேகமா இருக்கு. பணம் போனது கடைக் கணக்குக்கு இல்ல, அவன் சொந்த ஜிபே நம்பருக்கு. “கடை கியூஆர் இன்னிக்கு வேலை செய்யலண்ணா”ன்னான்.

பில், பாலிசி, வரி ரசீது மூணும் கைக்கு வந்த பிறகு கணக்கைப் பிரிச்சுப் போட்டா இப்படி வருது.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ்னு 6,500. பில்லுல இப்படி ஒரு லைனே கிடையாது. ஷோரூம் விலைன்னாலே வண்டி ஷோரூம் வாசலுக்கு வந்து சேர்ற வரைக்குமான செலவு அதுல அடக்கம். அதுக்கு மேல லாரி வாடகைன்னு கேட்டா, பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டாங்க.

இன்சூரன்ஸுக்கு வாங்கினது 16,900. பாலிசியில அச்சாகி இருக்கறது 12,450. இங்க மட்டும் 4,450 போச்சு. இது கொஞ்சம் விவரமான விஷயம். புது டூவீலருக்கு 2018 செப்டம்பர்ல இருந்து ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான கவர்) கட்டாயம். அந்தத் தொகையை டீலர் முடிவு பண்றதில்ல. 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 150-க்கு மேல 350 சிசி வரைக்கும் 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினா 15,117, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம். எந்த கம்பெனியில போட்டாலும் இந்தப் பகுதி ஒன்னுதான். மாறுறது நம்ம வண்டிச் சேதத்துக்கான ஒரு வருஷ ஓன் டேமேஜும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம கிளைம் தர்றது) மாதிரி கூடுதல் கவரும் மட்டும். அதனால “எங்க இன்சூரன்ஸ் காஸ்ட்லி, ஆனா கிளைம் ஈஸி”ங்கற கதை முக்கால்வாசி செல்லாது. இன்னொரு தந்திரம் ஐடிவி, அதாவது வண்டி திருடு போனா இன்சூரன்ஸ்ல கிடைக்கற உச்சத் தொகை. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற வண்டிக்கு விலையில 95 சதவீதம் ஐடிவி போடணும். அதைக் குறைச்சுப் போட்டா பிரீமியம் குறையும், உங்ககிட்ட முழுசா வாங்கிக்குவாங்க. வண்டி திருடு போனாத்தான் அது உங்களுக்குத் தெரியவரும். வெளிய பாலிசி எடுக்கற உரிமை வாங்கறவருக்கு உண்டு. எங்ககிட்டதான் போடணும்னு டீலர் கட்டாயப்படுத்த முடியாது.

ஆர்டிஓ செலவுன்னு வாங்கினது 30,900, ரசீதுகளைக் கூட்டினா 25,700. வித்தியாசம் 5,200. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சம் வரைக்கும் உள்ள பைக்குக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதுக்கு மேல 12. பதிவுக் கட்டணம் வெறும் 300, ஸ்மார்ட் கார்டு 200, லோன் இருந்தா ஹைப்பாதிகேஷனுக்கு (கடன் கொடுத்தவங்க பேரை ஆர்சியில ஏத்தறது) 500, சாலைப் பாதுகாப்பு வரி சில நூறு. அவ்வளவுதான். “ஆபீஸ்ல கொடுக்கணும்ணா”ன்னு சொல்றதுக்கு எந்த ரசீதும் கிடையாது. டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 எதுல பதிவானாலும் கட்டின வரியோட ரசீதை பரிவாஹன் தளத்துல நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

ஆக்சஸரீஸ் 9,700. கிஃப்ட்டுன்னு சொன்னதுக்குத்தான் இந்த 9,700! சாரி கார்டும், பின்னாடி உட்கார்றவங்க பிடிச்சுக்கற கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும் மத்திய மோட்டார் வாகன விதி 123 படி வண்டியோடயே வர வேண்டியவை. ஹெல்மெட் விதி 138 படி வாங்கும்போதே கம்பெனி தர வேண்டியது, அதுவும் ஐஎஸ்ஐ முத்திரையோட. இதுக்கெல்லாம் தனியாக் காசு. டெஃப்லான் கோட்டிங்னு போட்டது சாதா பாலிஷ், ரெண்டு வாஷ்ல போயிடுச்சு. லெக் கார்டுதான் மோசம். க்ரூஸர்ல கால் முன்னாடி நீட்டி இருக்கும், வண்டி 190 கிலோ பக்கம். நின்ன இடத்துல சாய்ஞ்சாக்கூட அந்த எடை முழுக்க லெக் கார்டு மேலதான் இறங்கும். மாட்டிவிட்டது மெல்லிசு பைப்பு, பார்ட் நம்பரும் இல்ல, கம்பெனி ஸ்டிக்கரும் இல்ல, பிளேட்டுல வெல்டிங் ஓட்டை தெரியுது. அது மடங்கினா பிரேக் பெடல் பக்கமாத்தான் மடங்கும், காலும் அங்கதான் இருக்கும். ஃபாக் லேம்ப்பை ரிலே இல்லாம, தனி ஃப்யூஸ் இல்லாம, ஹாரன் ஒயரை வெட்டி டேப் சுத்தி இணைச்சிருக்காங்க. நாளைக்கு எலக்ட்ரிக்கல்ல என்ன பிரச்சினை வந்தாலும் வாரண்டி கேட்டா இந்த வெட்டைக் காட்டித்தான் கை விரிப்பாங்க.

எக்ஸ்டென்டட் வாரண்டி, ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ரெண்டும் சேர்த்து 6,000. ஒரு சான்றிதழும் வரல. கம்பெனி டோல்-ஃப்ரீல சேஸிஸ் நம்பர் சொன்னா அப்படி எதுவும் ஆக்டிவேட் ஆகலங்கறாங்க.

6,500, 4,450, 5,200, 9,700, 6,000. கூட்டிப் பாருங்க. 31,850.

இனி வண்டியோட வயசு. சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, ஹேண்டில் கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும். பெரும்பாலான கம்பெனிகள்ல பத்தாவது எழுத்துதான் வருஷம்: ‘ஆர்’ன்னா 2024, ‘எஸ்’ன்னா 2025, ‘டி’ (T)ன்னா 2026. மாசத்துக்கான எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அது குழப்பமா இருந்தா படிவம் 21-ஐப் பாருங்க. விற்பனைச் சான்றிதழான அதுல தயாரிச்ச மாசமும் வருஷமும் எழுதியே ஆகணும். ஆர்சியிலயும் அதுதான் ஏறும். பின்னாடி விற்கப் போகும்போது விலை பேசறதும் அந்த மாசத்தை வெச்சுத்தான். இவங்க படிவம் 21-ஐ டெலிவரி அன்னிக்குக் காட்டவே இல்ல, “ஆர்டிஓ ஃபைல்ல இருக்குண்ணா”ன்னாங்க.

டயர் பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 1824-ன்னா 2024-ல 18-ஆவது வாரம். டயர் வண்டியை விடச் சில வாரம் மூத்ததா இருக்கறது சகஜம், ஒரு வருஷம் மூத்ததா இருந்தா கேள்வி கேளுங்க. பேட்டரி தேதியும் அப்படித்தான்.

நின்ன வண்டியில என்ன கெடும்னா, முதல்ல பேட்டரி. சார்ஜ் இறங்கியே கிடந்தா பிளேட்டுல சல்ஃபேட் படிஞ்சிடும். அப்புறம் சார்ஜ் போட்டா ஏறின மாதிரி காட்டி ரெண்டே நாள்ல இறங்கிடும். இந்த வண்டியில ராத்திரி நிறுத்தி காலையில அளந்தா 11.9 வோல்ட். நல்ல பேட்டரின்னா 12.6 பக்கம் நிக்கணும். கிக்கரே இல்லாத வண்டி, ஸ்டார்ட்டரை அழுத்தினா டக் டக்குனு மட்டும் சத்தம் வருது. ரெண்டாவது பெட்ரோல். இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினா தண்ணி பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும், பம்ப் உறிஞ்சறதும் அங்கதான். அதனால காலையில முக்கல், 40-ல இழுக்கும்போது விக்கல். மூணாவது, ஒரே இடத்துல காத்து குறைஞ்சு நின்ன டயர் தட்டை விழுந்து மெதுவா ஓட்டும்போது குதிக்கும். முன்பக்க ஷாக்கான ஃபோர்க்ல சீல் காய்ஞ்சு எண்ணெய் கசியும். செயின்ல ரெண்டு கண்ணி துருப்பிடிச்சு இறுகியிருந்தா சுத்தும்போது ஒரு இடத்துல மட்டும் இழுவை தெரியும். பிரேக் ஆயில் ஓடினாலும் ஓடலைன்னாலும் ரெண்டு வருஷத்துல மாத்த வேண்டியது, அதுல பாதிக்கு மேல ஷெட்டுலயே கழிஞ்சு போச்சு. இப்படிப்பட்ட வண்டியில தொப்பூர் கணவாய் இறங்கினா என்ன ஆகும்? டிஸ்க்ல மேலாக இருக்கற துருவை மட்டும் பெருசா எடுத்துக்காதீங்க, நாலு தடவை பிரேக் பிடிச்சா போயிடும்.

போய்க் கேட்டா கிடைச்ச பதில்கள். முதல்ல “தினமும் ஓட்டணும்ணா, அப்போதான் பேட்டரி நிக்கும்.” அப்புறம் “மேனேஜர் சேலம் மீட்டிங் போயிருக்காரு.” அப்புறம் “ஆடி முடியட்டும்ணா, உட்கார்ந்து பேசிக்கலாம்.” வாட்ஸ்அப்ல கணக்கைப் பிரிச்சு அனுப்பினா நீலக் கோடு வருது, பதில் வரல. அண்ணா அண்ணான்னு உருகினவன் இப்போ போன் எடுத்தா “சார், யார் பேசறீங்க?”ங்கறான். மெயின் டீலர் ரொம்ப நாகரிகம்: “எங்க பில்லுல இருக்கற தொகைக்கு நாங்க பொறுப்பு சார். அவங்ககிட்ட நீங்க கொடுத்தது எங்களுக்குத் தெரியாது.” அதே கடைக்கு வண்டி கொடுத்து நிறுத்தறது மட்டும் இவங்களுக்குத் தெரியும். கம்பெனி கஸ்டமர் கேர்ல புகார் போட்டா, “உங்கள் குறை தீர்க்கப்பட்டது”ன்னு எஸ்எம்எஸ். எவன் தீர்த்தான்? 31,850 அவன் பையில, குறை தீர்ந்துச்சாம்.

பட்டியல் போடறேன்னு சொன்னேன், இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. இதை மட்டும் பிடிச்சுக்குங்க.

கம்பெனி வெப்சைட் டீலர் பட்டியல்ல கடை இல்லைன்னா அட்வான்ஸே கொடுக்காதீங்க. தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீங்க, கடை கணக்குக்கு மட்டும்தான். கொட்டேஷன்ல ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும். ஷோரூம் விலை, வரி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் நாலும் தனித்தனி வரியில இருக்கணும். விலைப்பட்டியல் எப்போ அச்சானதுன்னும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18, அதுக்கு மேல 40.

பணம் முழுசாக் கட்டறதுக்கு முன்னாடி, பதிவுக்கு அனுப்பறதுக்கும் முன்னாடி, சேஸிஸ் நம்பரை நேர்ல போய்ப் பார்த்து போட்டோ எடுங்க. பதிவான பிறகு வண்டி வேணாம்னு சொல்றது ரொம்பக் கஷ்டம். நம்பர் பிளேட் மாட்டாம வெளிய எடுக்காதீங்க.

லோன்ல “வட்டி பத்து பர்சென்ட்தாண்ணா”ன்னா அது ஃப்ளாட்டான்னு (அசல் குறைஞ்சாலும் முதல்ல வாங்கின முழுத் தொகைக்கே போடற வட்டி) கேளுங்க. மூணு வருஷ ஃப்ளாட் பத்துன்னா நிஜ வட்டி 18 கிட்ட வரும். லோனோட வட்டி, கட்டணம் எல்லாம் எழுதின கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குங்க, 2024 அக்டோபர்ல இருந்து அது கொடுத்தாகணும்.

ஏமாந்தவங்க சும்மா இருக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் போடுங்க, புகார் எண்ணைக் குறிச்சு வையுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஐந்து லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணமே இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வெள்ளைத் தாள் கொட்டேஷன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. அந்தத் தாளை அவன் “பழசு, கொடுங்கண்ணா, கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்”னு திருப்பிக் கேட்பான். கொடுத்துடாதீங்க.