சந்தையா, நேரடியா, அமைப்பா: பள்ளிக்கூடச் சமையலுக்கு மரக்கறி கொடுக்கும் மூன்று வழிகள்

யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய், அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரரின் மரக்கறி, அரசகாசில் சமைத்துக் கொடுக்கும் பள்ளிக்கூடப் போசாக்கு உணவுக்குப் போய்ச்சேர மூன்று வழிகள் உண்டு: சந்தை, சமைத்துக் கொடுப்பவருடன் நேரடிப் பேச்சு, நாலைந்து பேர் சேர்ந்த அமைப்பு.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் எவ்வளவு கொண்டுபோனாலும் அன்றைக்கே தள்ளிவிடலாம். ஆனால் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று நிறையில் வெட்டி, அதற்குக் காசு கொடுக்காத வழக்கம் உழைப்பைத் தின்கிறது. சொத்தை பொறுக்கி, மண் தட்டிக் கொண்டுபோனவருக்கும் அதே வெட்டு. இது அநியாயம். அதே கத்தரிக்காயைச் சமைப்பவர் பிறகு சில்லறை விலைக்கு வாங்குகிறார்.

நேரடியாகக் கொடுத்தால் கழிவு இல்லை, விலையும் இருவருக்கும் கட்டும். இடறுவது தொடர்ச்சியில்தான். நூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 கிராம் என்று வைத்தால் துப்புரவாக்கிய மரக்கறி 5 கிலோ வேண்டும். பயற்றங்காயென்றால் ஐந்தரை கிலோ போதும். பூசணியில் தோலும் விதையும் போவதால் ஆறரை, ஏழு கிலோ; கீரையில் தண்டு கழித்தால் இன்னும் கூட. ஐந்து நாளும் ஒரே காயென்றால் பிள்ளைகள் தட்டிலேயே விட்டுவிடுவார்கள். தனித் தோட்டத்தில் வாரத்துக்கு நாலு வகை எடுப்பது கடினம். மருந்தடித்தால் லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பிடுங்கவே கூடாது. தனியாளாக ஒப்புக்கொண்டவருக்கு அந்த நாட்களில்தான் கை பதறும். அமைப்பென்றால் அடுத்த தோட்டம் அந்த இடைவெளியை நிரப்பும். எனக்கு அமைப்பு வழியே மேலென்று படுவதற்கு முதற் காரணம் இதுதான்.

இரண்டாவது, காசு. சமைப்பவருக்கு அரசகாசு பிந்தினால் தோட்டக்காரருக்கும் பிந்தும். தனியாள் இரண்டு கிழமைக்கு மேல் கடன் தாங்கமாட்டார். அமைப்பு சிறு கையிருப்பு வைத்து வாராவாரம் கணக்குத் தீர்க்கலாம். விலையைப் போனகிழமைச் சந்தை மொத்தவிலையை வைத்துத் தீர்மானித்து, இரு பக்கமும் கொப்பியில் கையொப்பமிட்டால் சண்டை வராது.

சமையல் விடியமுன் தொடங்குவதால் மரக்கறி முதல்நாள் பின்னேரமே போகவேண்டும். கீரையை வெயில் தாழ்ந்தபின் வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் தளர்வாகச் சுற்றுங்கள். கழுவிய ஈரத்தோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறி, விடிய இலை வழுவழுத்துப் போயிருக்கும்.

முன்பள்ளிக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். இருபத்தைந்து பிள்ளைகளுக்குத் துப்புரவாக்கிய மரக்கறி நாளுக்கு ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். பக்கத்துத் தோட்டமொன்றே போதும். குழையவேகும் பூசணி, கரட், முருங்கையிலை நல்லது.

அமைப்பில் சேர்ந்தாலும் சந்தையைக் கைவிடாதீர்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். பயற்றையும் வெண்டியும் காய்ப்பதை நிறுத்தாது. நடும்போதே நாட்களை எண்ணி, உச்சக் காய்ப்பு பள்ளித் தவணை நாட்களில் விழும்படி இரண்டு கிழமை இடைவெளியில் பாத்தி பாத்தியாகப் போடுங்கள்.